மலைவாழ் மக்களின் நில உரிமையும் கிராம சபையின் சம்மதமும்

செய்யாறு ஜவ்வாது மலையிலே தோன்றுகிறது. அம்மலையில் காடு நிலைத்திருந்தால்தான் கீழே ஏரியும் கிணறும் நிரம்பும் என்று நம் அங்கத்தினர் கூறுவது முற்றிலும் நியாயமே. அத்தோடு நில்லாமல், மலையில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடி மக்களைக் காட்டிற்குப் பகைவராகக் கருதிப் பேசுவோரும் நம்மிடையே உளர். இன்று நடைமுறையிலுள்ள சட்டம் அவ்வாறு கருதவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, ஒரு பிரதேசத்தைக் காப்புக்காடாக ஆக்குமுன் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோருக்குத் தவணை கொடுத்தனர். தவணைக்குள் மனுச் செய்யாதவரின் உரிமை அற்றுப்போயிற்று. எழுத்தறியாத குக்கிராமத்தார்க்குக் கெஜட் அறிவிப்பினால் என்ன பயன்? பாட்டன் உழுத நிலம் ஏட்டில் காடாகவும், அதை உழும் பேரன் ஆக்கிரமிப்பாளனாகவும் பல இடங்களில் மாறியது இவ்வாறுதான். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்ற மத்திய அரசாங்கத்தின் முன்னனுமதியைக் கட்டாயமாக்கிற்று. அங்கு வாழ்வோரின் சம்மதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நடந்தது வரலாற்று அநீதியே எனத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தைக் கைவசம் வைத்து உழுதுவரும் பழங்குடியினர், தாம் உண்மையில் அனுபவிக்கும் அளவிற்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை பெறலாம். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். அது வாரிசுகளைச் சேரும், விற்க இயலாது. விசாரணை முடியும்வரை எவரையும் வெளியேற்றலாகாது.

கூட்டுறவாளராகிய நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, முதல் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதே. அது கிராம சபையின் கையில் இருக்கிறது. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருப்பர். குழு மனுக்களைப் பெற்று நிலத்தைப் பார்வையிடும். சபை தீர்மானம் செய்யும். அதன் பின்னரே கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் பரிசீலிக்கும். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அங்கத்தினரில் பாதிப்பேர் வந்தால்தான் கோரம் உண்டு. வந்தோரில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். பழைய காகிதம் இல்லாதவர் அஞ்ச வேண்டியதில்லை. முதியோரின் வாக்குமூலம், வரப்பு, கிணறு, இடுகாடு, தெய்வ ஸ்தலம் ஆகிய யாவும் சான்றுகளே. அவற்றுள் இரண்டு போதும்.

பல சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டியவன் நான். பொதுக்குழு கூடாமலே வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கிய தீர்மானங்களையும் கண்டதுண்டு. கடன் விஷயத்தில் அத்தகைய தீர்மானம் சங்கத்தைக் கெடுக்கும். நில விஷயத்தில் ஒரு குடியையே கெடுத்துவிடும். மலைப் பஞ்சாயத்துகளில் குக்கிராமங்கள் தூரதூரமாகச் சிதறிக் கிடக்கின்றன. அனைவரையும் ஒரே இடத்திற்கு அழைத்தால் பாதிப்பேர் வருவதே அரிது. ஆகையினாலேயே, சபையைக் குடியிருப்பு அளவில் கூட்டலாம் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-இல் வழிகாட்டியது.

தமிழ்நாட்டில் இச்சபைக்கு முக்கியத்துவம் இன்னும் அதிகம். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பிரதேசம் எதுவும் இங்கே இல்லை. எனவே பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் அளிக்கும் 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் ஜவ்வாது மலைக்குப் பொருந்தாது. எஞ்சியிருப்பது வன உரிமைச் சட்டமே. அதிலும், உரிமைப் பத்திரம் வழங்குமுன் தன் உத்தரவைப் பெறவேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2008-இல் விதித்த நிபந்தனை 2016-இல்தான் நீங்கிற்று.

சபை மறுத்தால் என்ன ஆகும்? ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்தைக் கிராம சபைகளின் முடிவுக்கு விடும்படி 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பணித்தது. கூடிய 12 சபைகளும் மறுத்தன. 2014-இல் மத்திய அரசாங்கமும் அனுமதி மறுத்தது. ஆயினும் 2022-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அனுமதிக்கு முன்பே சபையின் சம்மதம் காட்டவேண்டும் என்றிருந்த நிலையை மாற்றி, அப்பொறுப்பை மாநில அரசாங்கங்களிடம் விட்டுவிட்டன. வாசலில் நின்ற காவலாளைக் கொல்லைப்புறத்திற்கு அனுப்பியது போன்றது இது என்பது என் கருத்து.

இனி நம் சங்கங்களைச் சார்ந்த விஷயம். தேன், நெல்லி, கடுக்காய் முதலிய சிறு வனப்பொருள்களின் சொந்தம் அவற்றைச் சேகரிப்போருக்கே உரியது. அவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பக்குவப்படுத்தி, காட்டிற்கு வெளியே கொண்டு சென்று விற்கலாம், தீர்வை கிடையாது. கொண்டு செல்லும் அனுமதிச் சீட்டைச் சபையின் குழுவே வழங்கும். நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரத்தையும் கடமையையும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதே சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. செய்யாற்றுத் தண்ணீரை எதிர்பார்க்கும் பயிர்க்காரர்கள் இப்பிரிவைப் படித்துப் பார்த்தல் நலம்.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். கிராம சபையின் தீர்மானத்தின் மீது கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழுவின் முடிவின் மீது மாவட்டக் குழுவிடமும் 60 நாட்களுக்குள் முறையிடலாம். மலையிலுள்ள லாம்ப் சங்கங்களின் காரியதரிசிகள் இக்கெடுவைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதோடு, படிக்க இயலாத அங்கத்தினர்க்கு வாயால் சொல்லியும் வரவேண்டும்.