பலகையில் விரல், கூட்டத்தில் காது

2010 ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியின் தயாரிப்பை நிறுத்துவதாக பானசோனிக் அறிவித்தது. 1972இல் பிறந்து, உலகெங்கும் டிஜேக்களின் கைக்குப் பழகிப்போயிருந்த கருவி அது. டிசம்பரில், ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அல்கோரிதிம் நிறுவனம் ஐபேடுக்கான தன் டிஜே செயலியை வெளியிட்டது. இரண்டு சுழல்தட்டுகள், நடுவில் மிக்ஸர், வேகம் கூட்டக் குறைக்க ஃபேடர் என்று ஒரு மேசை நிறைய இருந்த சாமான்கள் எல்லாம் ஒரு கண்ணாடிப் பரப்பில் படமாக வந்து அமர்ந்தன. டெக்னிக்ஸ் 2016இல் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கண்ணாடியிலேயே தொழில் கற்றுவிட்டது.

அந்த 2010லேயே நியூயார்க்கில் இரண்டு ஐபேட்களை வைத்து நிகழ்ச்சி நடத்திய ஒருவர் ‘உலகின் முதல் ஐபேட் டிஜே’ என்று பேசப்பட்டார். கருவியை முதலில் எடுத்தவர் என்பது நல்ல செய்தி. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, ஏன் அந்த நொடியில் என்ற கேள்விக்கு அந்தச் செய்தியில் பதில் கிடையாது. டிஜே என்பவரின் வேலையே அந்தக் கேள்விதான்.

டேப்லெட்டைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது திறமையை அழிக்கவில்லை. திறமைக்குக் கண்கண்ட சாட்சியாக இருந்ததை மட்டும் எடுத்துவிட்டது. இசைத்தட்டுக் காலத்தில் நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டோடு 123 தட்டுப் பாட்டைச் சேர்க்க வேண்டுமானால், முதல் பாட்டை இரண்டரை விழுக்காடு வேகப்படுத்த வேண்டும். டெக்னிக்ஸ் ஃபேடரில் மேலும் கீழும் எட்டு விழுக்காடுதான் இடம். வேகம் பொருந்தினாலும் போதாது. இரண்டு பாட்டின் தட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விரல் நுனியால் இசைத்தட்டைத் தள்ளியும் தடுத்தும் அதைச் சரிசெய்வதைக் கூட்டம் பார்த்தது. பிசகினால் குதிரைக் குளம்படிபோலத் தடதடவென்று கேட்கும். யார் தவறு என்பதும் தெரியும். இன்று ‘சிங்க்’ பொத்தானைத் தொட்டால் அந்தக் கணக்கு நொடியில் முடிகிறது. மேடையில் ஒளிரும் பலகை, அதன்மேல் ஓடும் விரல். அந்த விரல் இசையை நடத்துகிறதா, சும்மா ஓடுகிறதா என்று கீழிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. கண்ணுக்குச் சாட்சி இல்லாத இடத்தில்தான் விளம்பரம் குடியேறுகிறது.

தட்டு சேர்ப்பதையே முழுத் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ 1970 காதலர் தினத்தன்று தன் வீட்டு மாடியில் தொடங்கிய நடன விருந்து ‘தி லாஃப்ட்’ என்று பெயர் பெற்றது. நாளடைவில் அவர் மிக்ஸரையே ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுதாக ஓடவிட்டார். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றவே இல்லை. ஆனாலும் நடன இசையின் வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தவிர்க்க முடியாது. ஒலிக்கருவிகளின் தரத்தில் அவருக்கு இருந்த பிடிவாதமும், இரவு முழுவதையும் ஒரே பயணமாக அடுக்கிய பாட்டுத் தெரிவும் அவரை அங்கே நிறுத்தின. அவர் கையில் ஒரு ஐபேடைக் கொடுத்திருந்தாலும் அவர் மான்குசோவாகவே இருந்திருப்பார்.

ஆகவே ‘சிங்க் போட்டால் டிஜே இல்லை’ என்று அடித்துச் சொல்லும் பழைய ஆட்களோடும் நான் சேரமாட்டேன். அந்தப் பொத்தான் எங்கே கைவிடுகிறது, கைவிடும்போது மேடையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பாட்டுகளிடம் அது அடிக்கடி கைவிடுகிறது. இந்தச் செயலிகள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நேராக நடக்கும் மேற்கத்திய நடன இசையை மனதில் வைத்து உருவானவை. நம் குத்துப் பாட்டுகளில் பல ஆறு எண்ணிக்கைக்குள் சுழலும் திஸ்ர நடையில் அமைந்தவை. நிமிடத்துக்கு 100 அடி விழும் அப்படியொரு பாட்டைச் செயலி 150 என்று படித்துவிடக்கூடும். அந்த எண்ணை நம்பி 150 வேகத்து நேர்நடைப் பாட்டு ஒன்றைச் சேர்த்தால், திரையில் கோடுகள் அழகாகப் பொருந்தி நிற்கும். தரையில் ஆடுகிறவர்களின் கால் பின்னிக்கொள்ளும். எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களில் வேறொரு சிக்கல். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவுகள் அவை. சரணத்துக்குள் போகும்போது தாளம் ஒரு மூச்சு முன்னே போகும், பல்லவிக்குத் திரும்பும்போது நிதானிக்கும். அந்த உயிரோட்டத்தை இயந்திரத்தின் சமகட்டத்துக்குள் அடைக்க முடியாது. முதல் நிமிடத்தில் சரியாக இருந்த சேர்க்கை மூன்றாம் நிமிடத்தில் நழுவிவிடும். கேட்டுப் பழகியவர் வீட்டிலேயே அந்தப் பாட்டுக்குக் கையால் அடி குறித்து வைத்திருப்பார், அல்லது சேர்க்காமல் ஒரு தாளவாத்தியத் துண்டில் இறக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். பழகாதவர் சத்தத்தைக் கூட்டி, மைக்கை எடுத்து ‘எல்லாரும் கை தூக்குங்க’ என்பார்.

ஹெட்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குத் தெரியாமல் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்பது இந்தக் கலையின் அடிப்படை. எழுபதுகளில் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அதற்கென்றே ஒரு சுவிட்சைத் தானே பொருத்திக்கொண்டார்; பாட்டின் தாளப்பகுதி தொடங்கும் இடத்தைத் தட்டின்மேல் கிரேயானால் கோடிட்டு வைத்தார். ஐபேடில் தொடக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஹெட்போன் துளை. அதில் ஸ்ப்ளிட்டர் கேபிளைச் செருகினால் இடப்பக்க ஒலி ஒலிபெருக்கிக்கும் வலப்பக்க ஒலி காதுக்கும் பிரியும். விலை, கூட்டத்துக்கு ஸ்டீரியோ கிடைக்காது. முழு ஒலியும் வேண்டும், முன்கூட்டிக் கேட்கவும் வேண்டும் என்றால் தனியாக ஓர் ஒலி இடைமுகக் கருவியோ கன்ட்ரோலரோ வாங்க வேண்டும். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தார் என்று ஒரு டேப்லெட் டிஜேயிடம் கேட்டுப் பாருங்கள். ஏன் என்று விளக்கத் தொடங்குபவர் உழைத்தவர். ஹெட்போனைக் கழுத்தில் நகைபோல மாட்டிக்கொண்டு, அதன் முனை எதிலும் செருகப்படாமல் தொங்குகிறது என்றால், அவர் படத்துக்காக நிற்கிறார்.

பெரிய மேடைகளும் இதற்கு விலக்கில்லை. 2012 ஜூனில் கனடாவின் டெட்மவுஸ், தாங்கள் எல்லோரும் மேடையில் ‘ப்ளே’ பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று வெளிப்படையாக எழுதினார். விளக்கும் காட்சியும் இசையோடு நொடி பிசகாமல் பூட்டப்பட்ட தன் நிகழ்ச்சியில் கைவரிசைக்கு அதிக இடமில்லை என்பது அவர் தந்த விளக்கம். அடுத்த மாதமே அதே நாட்டுக்காரரான ஏ-ட்ராக் மறுத்து எழுதினார்: துணிந்து பிழைக்கு இடம் கொடுப்பதில்தான் இந்தக் கலை இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருக்கு அதைச் சொல்லும் தகுதி உண்டு. 1997இல் பதினைந்து வயதில் டிஎம்சி உலகப் போட்டியில் வென்றவர் அவர். ஆறு நிமிடம், கூட்டத்தின் கண்முன்னே, கையால் செய்துகாட்ட வேண்டிய போட்டி அது. 2017இல் ஜப்பானின் ரேனா என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதே பட்டத்தை வென்றான்.

இன்னொரு வகைப் பட்டமும் உண்டு. டிஜே மேக் இதழ் ஆண்டுதோறும் வாசகர் வாக்கில் வெளியிடும் நூறு பேர் பட்டியல். 2015 வாக்கெடுப்பின்போது, முதலிடம் பிடித்த பெல்ஜிய இருவர் குழுவுக்காக இசைவிழாக் கூட்டத்தில் ஆட்கள் ஐபேடை நீட்டி வாக்கு சேகரித்ததாகச் செய்திகள் வந்தன. விதிமீறல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிறந்த டிஜே யார் என்று முடிவு செய்யும் வேலையில் டேப்லெட் இசைக்கு அல்லாமல் வாக்குக்குப் பயன்பட்டது என்பது எனக்கு வருத்தமே. அந்தப் பட்டியலின் இடத்தை வைத்துத்தான் பல ஊர்களில் சம்பளம் பேசப்படுகிறது.

திரைக்குப் பின்னால் செய்யும் தயாரிப்பு எவ்வளவு பெரியது என்பதை 2024 கோச்செல்லா விழா காட்டியது. பாடகி கிரைம்ஸ் அங்கே டிஜேயாக மேடை ஏறினார். பாட்டுகளின் வேகம் இரண்டு மடங்காகப் பதிவாகியிருந்ததால் சேர்க்க முடியாமல் மேடையிலேயே தவித்தார். பாட்டுகளை ஒழுங்குபடுத்தும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்ததாகப் பிறகு சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரைக் கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அவர் சொன்ன காரணம் முக்கியமாகப் படுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, அடி குறித்து, சுருதி பார்த்து, எந்த நேரத்துக்கு எது என்று பிரித்து வைக்கும் அந்தச் சலிப்பான வேலையை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை. மேடையில் நடப்பதில் பாதி அங்கேதான் நடக்கிறது. இரவல் சேகரிப்பை நம்பியவர்களுக்கு 2020 ஜூலையும் ஒரு பாடம். 2014 முதல் அல்கோரிதிமின் ஐபேட் செயலிக்குள் ஸ்பாட்டிஃபையின் கடல் முழுவதும் திறந்திருந்தது. அது மூடப்பட்டபோது, சொந்தமாகப் பாட்டு சேர்த்தவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள்.

தன்னை அறிவித்துக்கொள்வது பாவம் இல்லை. வாய்ப்புக்கு வழியில்லாத ஊரில் இருக்கும் இளைஞனுக்கு இன்ஸ்டாகிராம்தான் வாசல். கடன் வாங்கி கன்சோல் வாங்க முடியாதவனுக்கு ஒரு பழைய டேப்லெட் பெரிய வரம். அந்த வாசலை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முப்பது நொடி ரீல்ஸில் தெரிவது கூட்டம் உச்சத்தில் துள்ளிய நொடி மட்டும். கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, தாத்தா பாட்டிகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, கல்லூரிப் பிள்ளைகள் சுவரோரம் நிற்க, தரை காலியாகக் கிடக்கும் அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்தார் என்பது அதில் வராது. முதல் வரிசைக்குத் தெரிந்த பழைய பாட்டில் தொடங்கி, சுவரோரத்தை மெல்ல நடுவுக்கு இழுத்து வரத் தெரிந்தவருக்குத்தான் நான் முன்பணம் கொடுப்பேன்.

அதனால் டிஜே பிடிக்கப் போகிறவர்கள் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், வெட்டாத ஒரு மணி நேரப் பதிவைக் கேளுங்கள். ஐபேட் செயலியிலேயே பதிவு செய்யும் வசதி உண்டு; தன் சொந்தப் பாட்டுகளை வைத்திருப்பவருக்கு அது தடையில்லாமல் வேலை செய்யும். கையில் கிடைத்ததும் நடுப்பகுதியிலிருந்து ஓடவிடுங்கள். ஒரு பாட்டு அடுத்ததாக மாறும் இடத்தில் இரண்டு பாட்டின் அடித்தளச் சத்தமும் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகிறதா, ஒன்று விலகி மற்றதற்கு இடம் விடுகிறதா? வரி முடிந்தபின் மாறுகிறதா, பாடகரின் வாயைப் பாதியில் அடைத்துவிட்டு மாறுகிறதா? இருபது நிமிடம் முன்பு இருந்த வேகத்துக்கும் இப்போதைய வேகத்துக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நேரம் விட்டிருக்கிறாரா?