உப்புக் கிணற்றில் மீன் வளர்க்கலாமா?

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் வரும். 1987-ல் தொடங்கியது. 1997-ல் கொடுவாவையும் 2015-ல் பால்மீனையும் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் இவர்கள். ‘கிணறு உப்பாயிடுச்சு, நெல் வரலை, மீனாவது விடலாமா?’ என்று கேட்கும் கடலோர உழவர்களுக்கு இது தெம்பான செய்தி.

விடலாம். ஆனால் கிணற்று உப்பு வேறு, கடல் உப்பு வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் பொட்டாசியம் ஏறக்குறைய 400 மில்லிகிராம். நிலத்தடி உப்புநீரில் பெரும்பாலும் அந்தப் பொட்டாசியத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும். ஹரியானாவில் ரோத்தக் பக்கம் லாஹ்லியில் நிலத்தடி உப்புநீரில் இறால் வளர்த்தபோது இந்தக் குறையைப் பொட்டாஷ் சேர்த்துத்தான் சரிக்கட்டினார்கள். ஆகவே குஞ்சு வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்க. உப்பளவு மட்டும் போதாது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியமும் பார்க்கணும். இறைத்த நீரில் பிராணவாயு குறைவு. நன்றாகக் காற்றுப்பட வைத்த பிறகே மீன் விடணும். பாசி தின்னும் பால்மீன், மடவைக்குத் தீவனச் செலவு குறைவு. கொடுவா மீன்தின்னி, கைக்காசு கரையும்.

இனி வரவு செலவுக்கு வருவோம். கடலோர மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி இருக்கும். மேலே 1 அடி இறங்கினால் உப்பு 40 அடி மேலேறும். வங்கியில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டான்! மீனுக்கென்று நாம் ஓயாமல் இறைத்தால் பக்கத்து வயல்காரரும் சேர்ந்து வட்டி கட்டணும்.

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனதும், விளைநிலத்தை இறால் குளமாக்கக் கூடாது என்று 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்ததும் நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பாடம் மீனுக்கும் பொருந்தும்.

அதனால் ஏற்கெனவே உப்பான கிணறு மட்டும் போதும். புது போர் வேண்டாம். மண்குளம் வெட்டாமல் கசியாத தொட்டி கட்டுங்க. தண்ணீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துங்க. கழிவுநீர் ஒரு சொட்டும் வாய்க்காலுக்குப் போகக்கூடாது. தார்ப்பாய் விரித்த பாத்தியில் உமரிக்கீரைக்கு விடலாம். முறையான பதிவும் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்க.

மழைக்காலத்தில் கூரைத்தண்ணீரைக் கிணற்றில் இறக்க மறக்காதீங்க. தண்ணீர் இனித்தால் மீனை விற்றுவிட்டு நெல்லுக்கே திரும்பலாம்.