இரவல் நிரலுக்கும் கணக்கு வேண்டும்

வாஷி ஏபிஎம்சி மசாலா மார்க்கெட்டில் ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு நீங்கள் வலைத்தளம் கட்டித் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் ஏற்றி, விலைப் பட்டியலுக்கு ஒரு பிளகின், பணம் கட்ட ஒன்று, படங்கள் ஓட ஒன்று என்று சேர்க்கிறீர்கள். நீங்கள் கைப்பட எழுதியது இருநூறு வரிகள் இருக்கலாம். மீதி முகம் தெரியாத பலர் எழுதியது. ஆனால் தளம் படுத்துவிட்டால் கடைக்காரர் உங்களுக்குத்தான் போன் செய்வார்.

அந்த இரவல் நிரலைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். இரவல் வாங்காமல் இன்று தளம் கட்டவே முடியாது. ஆனால் எதை, எந்தப் பதிப்பில், யாரிடம் வாங்கினோம் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். பழைய உலாவிகளிலும் புதிய வசதிகள் ஓடுவதற்காகப் பாலிஃபில்.ஐஓ-வின் ஸ்கிரிப்டை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நேரடியாக இழுத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், உடனே எடுத்துவிடுங்கள் என்று அப்போதே எச்சரித்தார். ஜூனில் அந்த ஸ்கிரிப்ட் மொபைலில் வந்தவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது தெரியவந்தது. தளக்காரர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. அதனால்தான், முடிந்தவரை ஸ்கிரிப்டின் பிரதியை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

பிளகின் எழுதுபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும். உங்கள் பிளகின் கஸில் என்ற பிஎச்பி நூலகத்தின் 7-ஆம் பதிப்பைக் கூடவே கொண்டுவருகிறது. இன்னொருவரின் பிளகின் 6-ஆம் பதிப்பைக் கொண்டுவருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைக் கொண்டுவரும் என்பிஎம்-மில் ஒவ்வொரு பொதிக்குள்ளும் வேறு வேறு பதிப்பு இருக்கலாம். ஆனால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்டுள்ள பிஎச்பி-யில் ஓர் ஓட்டத்தில் ஒரே பெயரில் ஒரு கிளாஸுக்குத்தான் இடம். முந்தி ஏறியது நிற்கும். மற்றவருக்கும் அதுவே கிடைக்கும். 6 முந்தினால், 7-இல் மட்டும் உள்ள வசதியை உங்கள் நிரல் தேடிப்போய் அங்கேயே விழும். உங்கள் கணினியில் அந்த இன்னொரு பிளகின் இல்லாததால் சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்! பிஎச்பி-ஸ்கோப்பர், ஸ்ட்ராஸ் போன்ற கருவிகள் நூலகத்தின் பெயர்களுக்கு முன்னால் உங்கள் பிளகினின் பெயரை ஒட்டி இந்த மோதலைத் தவிர்க்கின்றன. பொதுவில் வெளியிடும் பிளகினுக்கு இது அவசியம் என்பேன்.

அடுத்தது லாக் கோப்பு. பிஎச்பி நூலகங்களைக் கொண்டுவரும் கம்போசரில் ^7.0 என்று எழுதினால், 8-க்குக் கீழே உள்ள எந்த 7-ஆம் வரிசைப் பதிப்பும் வரலாம். வந்தது எது என்பதைத் துல்லியமாகக் குறித்து வைப்பது லாக் கோப்புதான். அதையும் கிட்டில் சேருங்கள். சர்வரில் ‘இன்ஸ்டால்’ கட்டளை மட்டும் போதும். ‘அப்டேட்’ உங்கள் கணினியில், சோதித்த பிறகு. கம்போசரிலும் என்பிஎம்-மிலும் உள்ள ‘ஆடிட்’ கட்டளை, வெளியில் தெரிந்துவிட்ட பாதுகாப்பு ஓட்டைகளைச் சொல்லும். மசாலா பாக்கெட்டின் பின்புறம் சேர்மானம் அச்சிடுவதுபோல, மென்பொருளின் சேர்மானப் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதலே வெளியிட்டது.

கடைசியாக, வேண்டாத பிளகினையும் தீமையும் நிறுத்திவைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். 2011 ஆகஸ்டில் படங்களின் அளவை மாற்றும் டிம்தம்ப் என்ற சிறிய நிரலில் ஓட்டை வெளிப்பட்டது. ஏராளமான தீம்களுக்குள் அது ஒளிந்திருந்தது. பயன்படுத்தாத தீமுக்குள் கிடந்த கோப்பையும், அதன் முகவரியை நேராக அழைத்துத் தாக்க முடிந்தது.