ஓட்டம் பிடிக்காதவர்களுக்கும் ‘டிரெயில் ரன்னிங்’ பிடிப்பது ஏன்? நெய்வேலி செம்மண் தடத்தில் ஓர் அனுபவம்

“ஏம்மா, யாராச்சும் தொரத்துறாங்களா?”

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் தடத்தில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கேட்டார்.

“இல்ல ஆயா, சும்மாதான் ஓடுறேன்.”

அவர் என் ஷூவைப் பார்த்தார். வியர்த்து வழிந்த முகத்தைப் பார்த்தார். “சும்மா எதுக்கு ஓடணும்?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆறு மாதத்துக்கு முன்புவரை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் எப்போதும் கடைசி ஆள் நான்தான். கடைசியாக வருவதுகூடப் பரவாயில்லை. மற்ற எல்லோரும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, நமக்காக மட்டும் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு பி.டி. சார் காத்திருப்பாரே, அதுதான் தாங்காது. கூடவே பரிதாபக் கைத்தட்டல் வேறு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஓட்டம் நமக்கு ஆகாது என்று.

வீட்டிலிருந்தே வேலை என்றானபோது, நாளுக்கு ஒன்பது மணி நேர நாற்காலி வாழ்க்கை. முதுகு வலித்தது. போனில் ஓட்டச் செயலியை ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப் சாலையில் இறங்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் என்று காதில் ஒரு குரல் அறிவித்தது. அப்பாவின் செக்‌ஷனில் வேலை பார்க்கும் மாமா ஸ்கூட்டரை நிறுத்தி, “என்ன பாப்பா, கல்யாணம் ஏதும் முடிவாயிருக்கா?” என்று கேட்டார். நான்கே நாளில் ஷூ மறுபடியும் பெட்டிக்குள் போனது.

எதிர் குவார்ட்டர்ஸ் அக்காதான் அதை வெளியே எடுக்க வைத்தார். “ரோட்டுல வேணாம்டி. மண்ணுல போலாம் வா. வாட்சைக் கழட்டி வெச்சுடு” என்றார்.

டிரெயில் ரன்னிங் என்றால் என்ன?

தார், சிமென்ட் சாலையை விட்டு, இயற்கையான தரையில் ஓடுவதுதான் டிரெயில் ரன்னிங். மண்பாதை, ஒற்றையடித் தடம், கடற்கரை மணல், காட்டு வழி எல்லாமே இதில் சேரும். தார் போட்ட பகுதி, மொத்த தூரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கத்தின் வரையறை.

“அதுக்கு மலை வேணாமா?” என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம். அதே வரையறையில் சமவெளியும் இருக்கிறது, பாலைவனமும் இருக்கிறது. உயரம் அல்ல, காலுக்குக் கீழே இருக்கும் தரைதான் கணக்கு.

அந்த வகையில் நெய்வேலி வட்டாரம் கொடுத்துவைத்தது. பண்ருட்டி, வடலூர் பக்கமெல்லாம் செம்மண், முந்திரியும் பலாவும். தோப்புகளுக்கு நடுவே மாட்டுவண்டித் தடங்கள், ஏரிக்கரைகள். ஓரிடத்தில் மண் கெட்டியாக இருக்கும். பத்தடி தள்ளிப் பொலபொலவென்று கால் புதையும். அடுத்து வேர். அதற்கடுத்து சருகு மூடிய பள்ளம்.

வேகம் ஏன் அர்த்தமில்லாமல் போகிறது?

முதல் நாள் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. பாதி தூரம் நடைதான். ஆனாலும் ‘தோற்றுவிட்டோம்’ என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

தார் சாலையில் ஒரு கிலோமீட்டரும் அடுத்த கிலோமீட்டரும் ஒன்றுதான். அதனால் நேற்றைய நேரத்தோடும், அடுத்தவர் நேரத்தோடும் ஒப்பிட முடியும். மண் தடத்தில் அந்த ஒப்பீடே உடைந்துவிடுகிறது. கெட்டித் தரையில் ஓடுவதைவிட, அதே வேகத்தில் மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நேற்று மழை பெய்திருந்தால் அதே தடம் இன்று வேறு தடம். அங்கே ‘கிலோமீட்டருக்கு 9 நிமிடம்’ என்பதற்கு என்ன பொருள்?

இன்னொன்று, நடப்பது இங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளையும் தொட்டு மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் ‘யு.டி.எம்.பி’ போட்டி, இந்த விளையாட்டின் உச்சம். தூரம் 170 கிலோமீட்டருக்கு மேல்; ஏற வேண்டிய உயரம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். அதில் முதலிடத்துக்குப் போட்டி போடுபவர்களும் செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். அங்கே அது ஒரு உத்தி.

ஒரு குதிரைப் பந்தயக் கதை

காட்டுவழி நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மலைப்பாதையில் 100 மைல் தூரத்தை ஒரே நாளில் கடக்கும் குதிரைச் சவாரிப் போட்டி நடந்துவந்தது. 1973-ல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை நடுவழியில் நொண்ட, அவர் விலக நேர்ந்தது. 1974-ல் அவர் குதிரையே இல்லாமல் வந்தார். குதிரைகளோடு தானும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அந்த ஓட்டம்தான் பின்னாளில் ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற புகழ்பெற்ற 100 மைல் போட்டியானது.

நம் பக்கத்திலும் இப்போது வாய்ப்புகள் உண்டு. கர்நாடகத்தின் சிக்மகளூர் வட்டாரக் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் ‘மல்நாடு அல்ட்ரா’ ஓர் உதாரணம். ஆனால், போட்டிக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. நான் இதுவரை எதற்கும் பெயர் கொடுக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன செய்யலாம்?

* நடந்து ஓடுங்கள்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி 20 நிமிடம் போதும். அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்காக 1974-லிருந்தே சொல்லிக்கொடுத்த முறை இது.

* பேச்சுதான் மீட்டர்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? வேகம் சரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் நடையாக மாற்றுங்கள்.

* அடி சின்னதாக இருக்கட்டும்: எட்டிக் கால் வைத்தால் வழுக்கும். பார்வை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். டிரெயில் ஓட்டத்தில் அடிக்கடி அடிபடுவது கணுக்கால்தான். சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் நின்று பாருங்கள்.

* நேரத்தை வைத்து ஓடுங்கள்: ‘ஐந்து கிலோமீட்டர்’ என்று இலக்கு வைக்காமல், ‘அரை மணி நேரம்’ என்று வையுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கும் இது கணக்காகப் பொருந்தும்.

* வெயிலுக்கு முன்பே திரும்புங்கள்: கடலூர் மாவட்டக் கோடையில் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஷூவைப் பொறுத்தவரை, ஆரம்பத்தில் சாதாரண ஓட்ட ஷூவே போதும். ஈர மண்ணிலும் சரிவிலும் ஓடத் தொடங்கிய பிறகு, அடியில் ஆழமான பிடிப்பு கொண்ட டிரெயில் ஷூவைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கே ஓடக் கூடாது?

நெய்வேலியில் உயரமான இடம் என்றால் சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடுகள்தான். இங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதற்கு மேல் கிடக்கும் மண்ணை ஐந்து கன மீட்டருக்கும் அதிகமாக அகற்ற வேண்டும். அந்த மண் குன்றுகளைப் பார்த்தால் ஏற ஆசை வரும். வேண்டாம். சுரங்க எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது; கொட்டிய மண் சரியவும் செய்யும்.

காட்டுக்கும் இதே விதிதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மலைக்காட்டுத் தடங்களை நடந்து பார்க்க விரும்புபவர்கள், 2024-ல் தொடங்கப்பட்ட ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

தோப்புத் தடத்தில் கவனிக்க வேண்டியது பாம்பு. சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறிவிடுவதோ கூடாது. காலை அதிகம் அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இருட்டு விலகாமல் தடத்தில் இறங்காதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நானும் அக்காவும் முதல் மூன்று மாதம் ஒருவரை விட்டு ஒருவர் போனதில்லை. இப்போது தனியாகப் போகும் நாளில், போனில் இருப்பிடத்தை வீட்டுக்குப் பகிர்ந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். காதில் ஹெட்செட் கிடையாது.

இருபத்தைந்து வருடம் பார்க்காத ஊர்

1956-ல் நிறுவனம் தொடங்கியபோது உருவான திட்டமிட்ட நகரம் எங்களுடையது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், நேர்க்கோட்டுச் சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தேன். எந்த வட்டத்தில் எந்தக் கடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் டவுன்ஷிப் எல்லை முடியும் இடத்தில் என் ஊரும் முடிந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

அந்த எல்லைக்கு வெளியே இருப்பவை, சுரங்கத்துக்காக நிலம் கொடுத்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் வாழும் கிராமங்கள். நான் ஓடும் ஒவ்வொரு தடமும் யாரோ ஒருவரின் தோப்புக்குப் போகும் வழி. அதனால் சில பழக்கங்கள் தானாக வந்தன. ஆட்கள் எதிரே வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பேன். முந்திரி பறிக்கும் பருவத்தில் தோப்புக்குள் நுழைய மாட்டேன். கேட்டு மூடியிருந்தால் திரும்பிவிடுவேன். தண்ணீர் பாட்டில் பையிலேயே வீட்டுக்கு வரும்.

அப்பா ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நெய்வேலிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. சென்னைக்குப் போவோமா, அப்பாவின் சொந்த ஊருக்கா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. போகும்போது இந்தத் தடங்களைத்தான் அதிகம் தேடப்போகிறேன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அதே தோப்போரத்தில் ஆயாவைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவர் என்னை ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை.

“மணி என்னம்மா ஆவுது?” என்றார்.

வழக்கம்போல இடது கையைத் திருப்பினேன். வாட்ச் இல்லை. முதுகுப் பையைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே கிடந்த போனைத் தேடி எடுத்துச் சொன்னேன்: “ஆறே முக்கால், ஆயா.”