தங்க மணியும் ஒரு கேள்வியும்

ஒரு புற்றுநோய் செல்லில் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது எம்.ஆர்.என்.ஏ. அதை அளக்க வேண்டுமானால் செல்லை உடைக்க வேண்டும், அல்லது ரசாயனத்தில் ஊறவைத்துக் கொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் செல்லிலேயே அதைப் பார்க்க முடியாதா?

1996-இல் நியூயார்க்கில் சஞ்சய் த்யாகியும் ஃப்ரெட் கிரேமரும் ஒரு வழி சொன்னார்கள். கொண்டை ஊசிபோல மடிந்த டி.என்.ஏ. இழை, ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. தேடிய ஆர்.என்.ஏ. வந்து ஒட்டினால் மடிப்பு விரியும், சாயம் ஒளிரும். அழகான யோசனைதான். ஆனால், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் இழையைத் துண்டாடினாலும் அதே ஒளி வரும்.

2007-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 'நானோஃப்ளேர்' என்ற துகளை அறிமுகப்படுத்தியது. நடுவில் 13 நானோமீட்டர் தங்க மணி. அதைச் சுற்றி நெருக்கமாக டி.என்.ஏ. இழைகள். அந்த இழைகளோடு சாயம் தாங்கிய குட்டி இழைகள் இணைந்திருக்கும். தங்கத்தின் அருகில் இருக்கும்வரை சாயம் ஒளிராது. தேடும் எம்.ஆர்.என்.ஏ. வந்து நீண்ட இழையைப் பற்றிக்கொண்டதும் குட்டி இழை கழன்று விலகும்; சிவப்பாக ஒளிரும். இழைகள் நெருக்கமாக இருப்பதால் நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. உள்ளே செலுத்த உதவும் வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமலே செல்கள் துகளை உள்வாங்கிக்கொண்டன. மனித மார்பகப் புற்று செல்களில் பெருமளவு இருக்கும் 'சர்வைவின்' மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத்தான் அந்தக் குழு முதலில் தேடியது. பிறகு 'ஸ்மார்ட்ஃப்ளேர்' என்ற பெயரில் இந்தத் துகள்கள் சந்தைக்கும் வந்தன.

அங்கேதான் விவாதம் வெடித்தது. செல் எதை விழுங்கினாலும் முதலில் எண்டோசோம் என்ற சவ்வுப் பைக்குள்தான் அடைக்கும். எம்.ஆர்.என்.ஏ. இருப்பதோ பைக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். துகள் பையை விட்டு வெளியே வராவிட்டால் இரண்டும் சந்திப்பது எப்படி? லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ராஃபயேல் லெவி குழு சோதித்துப் பார்த்தது. துகள்கள் பைகளிலேயே சிக்கிக் கிடப்பதாகவும், ஒளியின் அளவுக்கும் ஆர்.என்.ஏ. அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றும் அறிவித்தது. மிர்கின் அதை ஏற்கவில்லை. ஸ்மார்ட்ஃப்ளேர் பின்னர் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது.

லெவி எழுப்பிய கேள்வி இந்தத் துறைக்கே மிக அவசியமானது. பைக்குள் சிதைந்த இழையும் ஒளிரும். நுண்ணோக்கியில் தெரியும் சிவப்பு, ஒளி எதனால் வந்தது என்பதைச் சொல்லாது. துகள் எங்கே நிற்கிறது என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும், ஆர்.என்.ஏ. எவ்வளவு என்பதை வேறொரு முறையிலும் சரிபார்க்காத ஆய்வை நம்பி எந்த நோயாளிக்கும் நோய் கணிக்கக் கூடாது.

உயிருள்ள செல்லில் ஆர்.என்.ஏ.வைப் பார்க்கும் இன்னொரு பாதையில் ஆய்வாளர் ராபர்ட் சிங்கர் வெகுதூரம் போயிருக்கிறார். ஆர்.என்.ஏ.விலேயே ஓர் அடையாள வரிசையைச் சேர்த்து, அதில் ஒளிரும் புரதத்தை ஒட்டவைக்கும் முறை அது. இந்த முறையில் எலியின் நரம்பு செல்களுக்குள் ஒற்றை ஆர்.என்.ஏ.க்கள் நகர்வதையே படம்பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு எலியின் மரபணுவை மாற்ற வேண்டும். நோயாளியின் செல்லில் அதைச் செய்ய முடியாது. வெளியிலிருந்து போய்ப் பையைத் தாண்டும் துகளுக்கான தேடல் அதனால்தான் இன்னும் நடக்கிறது.