கார்ன் ஸ்நேக் குட்டி வாங்கலாமா? ரீல்ஸ் சொல்லாத விஷயங்கள்... சட்டம் முதல் வெள்ளம் வரை முழு விளக்கம்!

ஆரஞ்சு உடம்பு, அதில் சிவப்புத் திட்டுகள், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குட்டி. ஒருத்தர் கையில் சுருண்டு படுத்திருக்கிறது. கீழே, ‘கடிக்காது, விஷம் இல்லை, டெலிவரி உண்டு, டிஎம் பண்ணுங்க ப்ரோ’ என்று ஒரு வரி.

இப்படி ஒரு ரீல் சடையங்குப்பத்தில் இருக்கும் ஒரு இளைஞரின் போனுக்கு வருவது இன்று பெரிய விஷயமில்லை. வெளிநாட்டில் ‘ரெப்டைல் ஷோ’ என்ற பெயரில் ஹால் எடுத்து நடக்கும் விற்பனை, இங்கே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நடக்கிறது. ஆசைப்பட்டு ஒன்று வாங்கிவிட்டால் என்ன ஆகும்? சட்டம் என்ன சொல்கிறது? வாங்கின பிறகு அதை வைத்துச் சமாளிக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கார்ன் ஸ்நேக் என்றால் என்ன?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த பாம்பு இது. ஃப்ளோரிடா பக்கம் சர்வசாதாரணம். நம்ம ஊர் சாரைப்பாம்பு இருக்கும் அதே பெரிய குடும்பம்தான். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வயிற்றுப் பக்கம் இருக்கும் கட்டம் கட்டமான டிசைன் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். சோளக் கிடங்குகளில் எலி தேடி வந்ததால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள்.

முட்டையிலிருந்து வரும்போது சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதாவது ஒரு ஸ்கூல் ஸ்கேல் அளவு. வளர்ந்த பிறகு 3 முதல் 5 அடி. கவனிக்க வேண்டியது ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருஷம் வாழும். காலேஜ் படிக்கும்போது வாங்கும் குட்டி, உங்கள் பிள்ளை ஸ்கூல் போகும் வரை உங்களுடன் இருக்கும்.

வெளிநாட்டு ரெப்டைல் ஷோவில் எப்படி வாங்குகிறார்கள்?

ஜெர்மனியின் ஹாம் நகரிலும், அமெரிக்காவின் டேடோனாவிலும் நடக்கும் கண்காட்சிகள் உலக அளவில் பிரபலம். அங்கே மூடியில் ஓட்டை போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் குட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். டப்பா மேல் நிற வகை, ஆணா பெண்ணா, பொரிந்த தேதி எல்லாம் எழுதியிருக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் கலரைப் பார்த்து வாங்குவதில்லை. குட்டி தானாக எத்தனை முறை சாப்பிட்டது என்ற குறிப்பைத்தான் முதலில் கேட்பார்கள். காரணம், பொரிந்த புதிதில் சில குட்டிகள் சாப்பிடவே மறுக்கும். அப்படிப்பட்டவை பிழைப்பது கஷ்டம். கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சு விடும்போது சத்தமோ வாயில் நுரையோ வருகிறதா, செதிலுக்கு நடுவில் உண்ணி ஓடுகிறதா, பழைய தோல் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மற்ற பாம்புகளோடு சேர்க்காமல் சில வாரங்கள் தனியாக வைப்பார்கள்.

நேரில், கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் இடத்திலேயே இவ்வளவு கவனம் தேவை. போட்டோ பார்த்து பணம் அனுப்பும் இடத்தில் இதில் எதையுமே சோதிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. உள்ளூர் பாம்புகள்: நல்லபாம்பு, சாரை, கண்ணாடி விரியன் போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

2. சர்வதேசப் பட்டியலில் உள்ளவை: அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் விலங்குகள், 2022 சட்டத்திருத்தம் மூலம் நம் சட்டத்தின் நான்காவது அட்டவணைக்குள் வந்தன. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னொருவருக்குக் கொடுத்தாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தகவல் தர வேண்டும். பால் பைதான் இந்த வகையில் வருகிறது.

3. பட்டியலில் இல்லாதவை: கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதனால் பால் பைதானுக்கு இருக்கும் கட்டாயப் பதிவு இதற்குப் பொருந்தாது. ‘பேப்பரே தேவையில்லை ப்ரோ’ என்று விற்பவர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், அது பாதி உண்மை. உயிருள்ள வெளிநாட்டு விலங்கை நாட்டுக்குள் கொண்டுவர, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும், விலங்கு நோய்த்தடுப்பு மையத்தின் அனுமதியும் வேண்டும். சென்னைக்கான அந்த மையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. இது எதுவும் இல்லாமல் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்தால், சுங்கச் சட்டப்படி அது கடத்தல். அதாவது, பாம்பு பட்டியலில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது எந்த வழியில் உள்ளே வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லை என்றால், விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

இது சும்மா பயமுறுத்தலா?

இல்லை. 2022 ஆகஸ்ட்டில் பாங்காக்கில் இருந்து சென்னை வந்த ஒரு பயணியிடம் 15 கிங் ஸ்நேக், 5 பால் பைதான், 2 அல்டாப்ரா ஆமைகள், ஒரு டி பிராஸா குரங்கு சிக்கின. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில் பிஸ்கட், கேக் பாக்கெட்டுகளுக்குள் 9 பால் பைதான்களும் 2 கார்ன் ஸ்நேக்குகளும் கண்டுபிடிக்கப்பட்டன.

தண்ணீர் இல்லாமல், காற்று சரியாக இல்லாமல், பல மணி நேரப் பயணம். ரீலில் ‘க்யூட்’டாகத் தெரியும் குட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு பயணம் இருக்கலாம்.

வீட்டில் வளர்ப்பது ஈஸியா?

தொடங்குவதற்கு ஏற்ற பாம்பு என்று இதைச் சொல்வார்கள். ஆனால் நாய், பூனை மாதிரி மீதிச் சோறு போட முடியாது. குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, கண் திறக்காத எலிக்குஞ்சு வேண்டும். அதை ஃபிரீசரில் வைத்து, பிறகு வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அம்மா சாம்பாருக்குக் காய்கறி வைக்கும் ஃப்ரிட்ஜில் இதற்கு இடம் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கூண்டின் ஒரு பக்கம் 24 டிகிரி, மறுபக்கம் 29, 30 டிகிரி என வெப்பம் இருக்க வேண்டும். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஷீட் போட்ட வீட்டில், கரண்ட் போனால் என்ன செய்வது? உடம்புக்கு முடியவில்லை என்றால், பாம்புக்கு வைத்தியம் பார்த்த அனுபவம் எல்லா கால்நடை மருத்துவருக்கும் இருக்காது.

இன்னொன்று, சால்மோனெல்லா. ஊர்வன உயிரினங்கள் ஆரோக்கியமாக இருந்தாலும் இந்தக் கிருமியைச் சுமக்கலாம். 5 வயதுக்குக் கீழ் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பதே மருத்துவ ஆலோசனை. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

சடையங்குப்பத்துக்கு என்ன சம்பந்தம்?

புழல் ஏரியில் உபரி நீர் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரும் எச்சரிக்கையில், மணலிக்கு அடுத்து சடையங்குப்பம் பெயர் இருக்கும். கொசஸ்தலை ஆற்றிலும் தண்ணீர் வரும். சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடும் ராத்திரியில் கண்ணாடிக் கூண்டை யார் தூக்குவது? திறந்து விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பதில் கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊரான ஃப்ளோரிடாவிலேயே இருக்கிறது. செல்லமாக வாங்கி, பெரிதானதும் விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகளும், 1992 ஆண்ட்ரூ புயலில் உடைந்த வளர்ப்புப் பண்ணையிலிருந்து தப்பியவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது.

அவற்றைப் பிடிக்க 2017இல் அமெரிக்கா யாரை அழைத்தது தெரியுமா? தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். சில வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர் குடும்பங்கள் வாழும் ஊர்களில் சடையங்குப்பமும் ஒன்று.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தப்பிப்போகும் கார்ன் ஸ்நேக்கைப் பக்கத்து வீட்டார் விரியன் என நினைத்து அடித்துவிடலாம். அதைவிட மோசம், ‘இது அந்தப் பையன் வளர்த்த பாம்புதான்’ என நினைத்து யாராவது நிஜ விரியனைக் கையில் எடுப்பது.

அப்போ, என்னதான் செய்வது?

பாம்பு பார்க்க ஆசையா? 1972இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், இறக்குமதி உரிமம் அல்லது எங்கே, எந்தத் தாய்ப் பாம்புக்குப் பிறந்தது என்ற எழுத்துப்பூர்வ ஆதாரம் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு ப்ரோ’ என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சமாளிக்க முடியாவிட்டாலும் ஏரியிலோ ஆற்றிலோ முட்புதரிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். வனத்துறையிடம் பேசுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பேசுங்கள்.