மாட்டு வண்டியில் ஒரு வரலாற்றுப் பாடம்

1971 டிசம்பர். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு டெலிடைப் இயந்திரத்தைச் சுற்றி முண்டியடித்து நிற்கிறார்கள். அதற்குத் திரை கிடையாது. விசைகளைத் தட்டினால் செய்தி வேறெங்கோ இருக்கும் பெரிய கணினிக்குப் போகும். பதில் காகிதச் சுருளில் அச்சாகி வரும். வரலாறு நடத்த வந்த பயிற்சி ஆசிரியர் டான் ராவிச், தன் அறைத்தோழர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரையும் சேர்த்துக்கொண்டு சுமார் இரண்டு வாரத்தில் உருவாக்கிய விளையாட்டு அது. பெயர் 'ஓரிகன் டிரெயில்'. பள்ளிக்கூடத்தில் கணினி விளையாட்டால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிசோரி மாநிலத்திலிருந்து மேற்கே ஓரிகன் வரை, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டியில் போனவர்களின் பயணம்தான் கதை. கையிருப்பில் மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று பிள்ளைகளே பிரித்தாக வேண்டும். வேட்டையாட 'பேங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல், சட்டென்று தட்ட வேண்டும். தாமதித்தால் இரை தப்பிவிடும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: வேகமாகத் தட்டத் தெரிந்தவருக்கு வேட்டை, கணக்கில் கெட்டிக்காரருக்குப் பணப்பொறுப்பு, இன்னொருவருக்கு வரைபடம்.

பிள்ளைகளே இப்படி முடிவெடுப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் அந்தப் பயணம் நடந்து முடிந்த செய்தி. விளையாட்டில் அது இன்னும் முடிவாகாத விஷயம். ஆப்பிள் 2 கணினிக்காக 1985-இல் வந்த பதிப்பில் எந்த மாதம் கிளம்புவது என்று முதலிலேயே கேட்பார்கள். சீக்கிரம் கிளம்பினால் மாட்டுக்குப் புல் இருக்காது. தாமதித்தால் வழியில் பனிக்காலம் பிடித்துக்கொள்ளும். அதே பதிப்பில் பாஸ்டன் வங்கிக்காரரிடம் 1,600 டாலர், ஒஹாயோ தச்சரிடம் 800, இல்லினாய் விவசாயியிடம் 400. விவசாயியாகப் போய்ச் சேர்ந்தால் மதிப்பெண் மூன்று மடங்கு. ஏழைக்கு அந்தப் பாதை எவ்வளவு கடினம் என்பது அந்தப் பெருக்கலுக்குள் இருக்கிறது; சொல்லித் தராமலே பிள்ளைக்கு உறைக்கிறது. வேட்டையில் எவ்வளவு சுட்டாலும் 100 பவுண்டு இறைச்சிதான் வண்டிக்குக் கொண்டுவர முடியும். மீதி வீண். ஆசை தீரச் சுட்ட பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதும்.

'கஹூட்' போன்ற வினாடி வினா விளையாட்டுகள் வேறு வகை. படித்தது நினைவிருக்கிறதா என்று பார்க்க அவை உதவும், வகுப்பும் கலகலப்பாகும். ஆனால் அங்கே எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை, சரியான விடை மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, விளையாட்டு நல்லதா கெட்டதா என்று வாதிடுவதில் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு விளையாட்டின் விதிகளை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள்? ஓரிகன் டிரெயிலையே பார்ப்போம். 1974-இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த ராவிச், பத்திரமாக வைத்திருந்த காகித அச்சைப் பார்த்துப் பழைய நிரலை மறுபடி தட்டி ஏற்றினார். அதோடு விடவில்லை. பயணிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வந்தது என்று பார்த்து எண்களைத் திருத்தினார். அந்தக் குறிப்புகளில் பூர்வகுடி மக்கள் பயணிகளுக்கு உதவிய செய்திகள் இருந்ததால் அவற்றையும் சேர்த்தார்.

அப்படியும் பெரிய ஓட்டைகள் இருந்தன. 1990களில், ஓரிகனின் போர்ட்லாந்து நகரத்து ஆசிரியர் பில் பிகலோ இந்த விளையாட்டின் குறுந்தகட்டுப் பதிப்பைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். வண்டியில் போவது பெண்ணானாலும் கறுப்பின மனிதரானாலும் அனுபவம் மட்டும் வெள்ளை ஆணுடையதாகவே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஓரிகனின் 1857 அரசியல் சட்டம் கறுப்பின மக்கள் அங்கே குடியேறுவதையே தடுத்தது. அந்த வண்டிகள் யாருடைய நிலத்தின் மேல் போயின என்பதும் விளையாட்டில் கேள்வியாகவே எழவில்லை. 2021-இல் கேம்லாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட பதிப்புக்குத்தான் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பூர்வகுடிப் பாத்திரங்களாகவும் விளையாட வழி வந்தது. முதல் ஆட்டத்துக்கும் இதற்கும் இடையே 50 ஆண்டுகள்.

டிஜிட்டல் எழுத்தறிவு என்று நான் சொல்வது, விதிகளை யார், எதை வைத்து எழுதினார்கள் என்ற இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதைத்தான். மவுஸ் பிடிக்கவும் செயலி இறக்கவும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் நடப்பது இயற்கை நியதி அல்ல, யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. யூடியூப் அடுத்து எந்த வீடியோவைக் காட்டுகிறது என்பதும் அப்படித்தான்.

அதற்குச் சிறந்த வழி பிள்ளைகளை விதி எழுத வைப்பது. எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்ற நிரலாக்கக் கருவி இலவசம். கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுத்துத் தரும் கட்டை அதில் உண்டு. ஒரு பிள்ளை ஆறு கடக்கும் காட்சியை அமைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வந்த எண் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் வண்டி கவிழும் என்று எழுதுகிறாள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா 3? ஏன் 1 இல்லை?" என்று கேட்க வேண்டும். பதில் தேட அவள் வரலாற்றுக்குள் போயாக வேண்டும். 1974-இல் ராவிச் போன அதே இடத்துக்கு. நிகழ்தகவும் அங்கேயே வந்துவிடுகிறது, தனி அத்தியாயம் வேண்டாம்.

கணினி அறை பூட்டியே கிடக்கும் பள்ளிகளிலும் இது நடக்கும். ராவிச் முதலில் திட்டமிட்டது கணினி விளையாட்டே அல்ல. தாளில் வரைந்த வரைபடமும் அட்டைகளும் தாயக்கட்டையும் கொண்ட பலகை விளையாட்டு. அதைப் பார்த்த அறைத்தோழர்கள்தான் கணினிக்கு மாற்றலாம் என்றார்கள். ஆறு பேர் கொண்ட குழு, ஒரு சார்ட் தாள், இரண்டு பகடை இருந்தால் ஒரு பாடவேளையில் ஆட்டம் தயார். அடுத்த பாடவேளையில் ஒரு குழு எழுதிய விதிகளை இன்னொரு குழு விளையாடிப் பார்த்து, எது நியாயமில்லை என்று சொல்லட்டும்.